ஊசி அட்டை

ஊசி உடைந்தது இரண்டு மணிக்கு. எனக்குத் தெரிந்தது மூன்றேகாலுக்கு. நடுவில் இருந்த ஒன்றேகால் மணி நேரமும் என் லைனில் இருக்கிற போக்ஹீ அந்த விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு காலர் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு மாடியேறி ஊசி அறைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு அட்டையில் துண்டுகளை வரிசையாக ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, லைன் லீடர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி தருவார்கள். பத்து நிமிஷம் போய்விடும். பத்து நிமிஷம் என்றால் பதினைந்து காலர். அதனால் பெண்கள் சந்தையில் ஊசி வாங்கி, சீருடையின் கைமடிப்பில் ஒன்றிரண்டு சொருகி வைத்திருப்பார்கள். உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வார்கள். நான் மிஷினில் உட்கார்ந்திருந்த ஏழு வருஷமும் என் கைமடிப்பிலும் இருந்தது. லீடர் ஆன பிறகும் பழக்கம் விடவில்லை.

போக்ஹீ உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரண்டு துண்டு இருந்தது. முனை இல்லை.

"தேடிப் பாத்தேன் அக்கா. எங்கயுமே இல்ல."

"ரெண்டு மணிக்கு ஒடஞ்சத இப்ப வந்து சொல்றியே, உனக்கு மூளை இருக்கா?"

"இன்னைக்கு லாரி போகுதுன்னு காலையிலேர்ந்து கத்திட்டே இருந்தீங்க. பயமா இருந்துச்சு."

கத்தியது உண்மைதான். அரிசியில் பாதி நீளம்கூட இல்லாத ஒரு முனை. அது தரையில் கிடக்கலாம், மிஷினுக்குள் விழுந்திருக்கலாம், இல்லையென்றால் ஏதோ ஒரு காலரின் இரண்டு மடிப்புக்கு நடுவே தையலில் சிக்கிக்கொண்டு பெட்டிக்குள் போயிருக்கலாம். ஜப்பானுக்குப் போகிற சரக்கு. மூன்று வயசுக் குழந்தைகள் போடுகிற சட்டை.

ரௌஷன் என் முழங்கையை ஒட்டி நின்றிருந்தாள். எப்போதும் அங்கேதான் நிற்பாள். வங்காளதேசத்தில் புதிதாகத் தொடங்கப்போகிற ஒரு தையல் ஆலைக்காக, கொரியாவுக்கு, எங்கள் பூசானுக்கு வந்து எங்களிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருத்தி. சிட்டகாங்குக்காரி, பி.ஏ. படித்தவள், ஐந்து மாதமாக என் பொறுப்பில் இருக்கிறாள். வந்த புதிதில் புடவைக்கு மேலேயே சீருடையை மாட்டிக்கொண்டு திரிந்தவள், குளிர் கடித்ததும் எங்களைப் போல இரட்டைக் கால்சட்டைக்கு மாறிவிட்டாள். கேன்டீன் சூப்பைத் தொடமாட்டாள், பன்றி எலும்பு போட்டிருப்பார்களோ என்ற சந்தேகம். கையில் எந்நேரமும் ஒரு நீல நோட்டு. காலர் பொருத்த முப்பத்தெட்டு வினாடி, கஃப் வைக்க இருபத்தாறு வினாடி, மிஷினுக்கு எண்ணெய் விட மூன்று நிமிஷம் என்று எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதுவாள். மால்சுன் அக்கா, அதாவது நான், மூக்கைச் சிந்தினால் அதற்கும் எத்தனை வினாடி என்று கணக்கு வைப்பாள் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

கேலியோடு நிற்பதில்லை. பட்டன் வைக்கிற ஒக்பூனுக்கு வாய் நீளம். ஒருநாள் ரௌஷன் காதில் விழும்படியே சொன்னாள். "அள்ளி அள்ளிக் குடுங்க அக்கா. நாளைக்கு நம்ம ஆர்டரெல்லாம் கப்பலேறி அவ ஊருக்குப் போயிடும். நாம கடற்கரையில கணவா மீன் காயப்போட்டுப் பொழைக்கலாம்." அது நடக்கும் என்று எனக்கும் தெரியும். இந்த வேலை எங்களிடம் வந்ததும் அப்படித்தான். எங்கள் ப்ரொடக்ஷன் மேனேஜர் பே சார், பதினைந்து வருஷம் முன்னால் ஜப்பானில், ஒசாகாவில் ஒரு ஆலையில் ஆறு மாதம் நின்று, கட்டிங் மேஜையின் உயரத்தைக்கூடத் தன் பெல்ட்டால் அளந்துகொண்டு வந்தவர். வங்காளப் பெண்கள் வந்த அன்று அதைச் சொல்லிவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாருங்க. எழுதுங்க. அப்படியே செய்யுங்க. யோசிக்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

நான் காட்டிக்கொடுத்த எல்லாவற்றிலும் ரௌஷனுக்கு ரொம்பப் பிடித்தது ஊசி அட்டை. வேகம் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், இதை யார் சொல்லித் தருவார்கள் என்றாள். யாரோ பெற்ற குழந்தையின் கழுத்துக்காக இருபத்தெட்டு பேர் லைனை நிறுத்திவிட்டுத் தரையில் தேடுகிறீர்களே என்று வியந்து, இரண்டு பக்கம் எழுதிக்கொண்டாள். எனக்கும் அன்று தலை கொஞ்சம் கனத்துப்போனது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஊசி அட்டையை நானே கண்டுபிடித்ததுபோல அன்று நடந்துகொண்டேன்.

லைனை நிறுத்தினேன். காந்தத்தைக் கயிற்றில் கட்டி போக்ஹீயின் மிஷினைச் சுற்றி அங்குலம் அங்குலமாக இழுத்தோம். குண்டூசியும் கொண்டையூசியும் பழைய ஊசித் துண்டுகளும் வந்தன. ஒவ்வொன்றையும் உடைந்த ஊசியோடு பொருத்திப் பார்த்தேன். எதுவும் சேரவில்லை. மிஷினைக் கவிழ்த்துப் பஞ்சைத் தோண்டினோம். பெண்கள் முட்டி போட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். சுவரில் அந்த மாத ஏற்றுமதி இலக்கு ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது, அதற்கு அடியில் கடிகாரம். நான்கு மணிக்குப் பே சார் இறங்கி வந்தார்.

"கெடச்சுதா?"

"இல்ல சார். ரெண்டு மணிக்கு மேல தச்ச பீஸ் எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும். காலர் மிஷின் நாலும் தச்சது கலந்துபோச்சு, நானூத்தி நாப்பது. கடைசி பதினோரு பெட்டில இருக்கு."

"அஞ்சு மணிக்கு லாரி கெளம்பணும். விட்டா அடுத்த கப்பலுக்கு ஒம்போது நாள்."

"தெரியும் சார்."

"ஒரு பெட்டி கொறஞ்சாலும் ஜப்பான்காரன் மொத்த ஆர்டரையும் தள்ளிடுவான். அதுவும் தெரியுமில்ல?"

அவர் போக்ஹீயைப் பார்த்தார், பிறகு என்னை. குரலை இறக்கினார். "மால்சுன், திங்கக்கெழமையிலேர்ந்து இந்த ஃப்ளோர் முழுக்க உன் கையில. ஒரு பொம்பளைக்கு இதக் குடுக்கறதுக்கு நான் மேல எத்தன பேர்கிட்ட வாதாடினேன்னு உனக்குத் தெரியாது. நாலரைக்கு ஊசி அட்டை என் மேஜைக்கு வரணும். முழு ஊசியா வரணும். இல்லன்னா அவ வீட்டுக்குப் போகட்டும், நீ பழையபடி மிஷின்ல போய் உக்காரு."

முழு ஊசியா என்றார். முனையைக் கண்டுபிடி என்று சொல்லவில்லை. ஒன்பது வருஷம் ஒரு மனிதரிடம் வேலை பார்த்தால் அவர் சொல்லாததும் காதில் விழும்.

ஊசி அறையில் ஆள் இல்லை, பேக்கிங்குக்கு உதவப் போயிருந்தான். கதவைச் சாத்தினேன். என் கைமடிப்பில் இருந்த ஊசியை உருவினேன். அதே பதினோராம் நம்பர். குறட்டில் பிடித்து முனையை ஒடித்தேன். ஒரு சின்ன 'டிக்'. முனை எகிறி மேஜைக்கு அடியில் விழுந்துவிட்டது. அதைத் தேடி நான் முட்டி போட்டதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கீழே இருபத்தெட்டு பேர் அசல் முனைக்காகத் தரையைத் தடவுகிறார்கள், மேலே நான் பொய் முனைக்காகத் தடவுகிறேன். கிடைத்தது. அது பளபளவென்று புதிதாக இருந்தது, மற்ற இரண்டு துண்டும் எண்ணெயில் கறுத்துப்போனவை. மிஷின் எண்ணெயில் கொஞ்சம் அழுக்கைக் குழைத்து முனையில் தேய்த்தேன். ஒட்டினேன். மூன்று துண்டும் சேர்ந்து ஒரு ஊசியாகக் கிடந்தது. தேதி, லைன் ஏழு, ஹ்வாங் மால்சுன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

கதவு திறந்திருந்தது. ரௌஷன் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அட்டையோடு அவளைத் தாண்டிப் போனேன்.

பே சார் அட்டையை வாங்கினார். முனையை அவர் பார்க்கவில்லை, கையெழுத்தைத்தான் பார்த்தார். "நல்ல வேளை" என்றார். கீழே வந்து கிடைத்துவிட்டது என்றதும் பெண்கள் கை தட்டினார்கள். போக்ஹீ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்க அக்கா இருந்துச்சு? நான் அவ்ளோ தேடினேனே."

"பெடலுக்கு அடியில" என்றேன். ஒரு பொய்க்குக் கை கால் முளைக்க எவ்வளவு நேரம் ஆகிறது!

லைன் ஓடத் தொடங்கியது. வெளியே முற்றத்தில் பெட்டிகளை லாரியில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. நான் கடைசி மிஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றேன். ரௌஷன் வந்து வழக்கம்போல என் முழங்கைப் பக்கம் நின்றாள். நோட்டைத் திறந்து பென்சிலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளுடைய ஒட்டுப்போட்ட கொரிய மொழியில் கேட்டாள்.

"அக்கா. இது... எழுதணுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அஞ்சு மாசமா என் மூச்சு மொதக்கொண்டு எழுதறே. இதுக்கு மட்டும் என்ன பர்மிஷன்? எழுது. நல்லா எழுது. எங்களப் பத்தி ஊருக்குப் போய்ச் சொல்லிச் சிரி."

"சிரிக்க இல்ல." அவள் முகத்தில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. "எங்க ஊர் மேனேஜர் கேப்பார். முனை இல்ல, கப்பல் போகுது, கொரியாவுல என்ன செய்யறாங்கன்னு கேப்பார். நான் பதில் சொல்லணும். நான் சொல்றதுதான் அங்க சட்டம். அப்புறம் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." சொல்லிவிட்டுக் குனிந்து எழுதினாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

அவள் முதலில் தன் மொழியில் படித்தாள். எனக்குப் புரியவில்லை. பிறகு விரலை வரி மேல் வைத்து, சொல் சொல்லாக மாற்றிச் சொன்னாள்: "ஊசி முனை கெடைக்கலன்னா: புது ஊசி ஒடைக்கறது. எண்ணெய் தேய்க்கறது. ஒட்டறது. கையெழுத்து." நிறுத்திவிட்டுக் கடைசியையும் படித்தாள். "நாலு நிமிஷம்."

காலர் முப்பத்தெட்டு வினாடி, கஃப் இருபத்தாறு வினாடி, இது நாலு நிமிஷம். மற்ற எல்லாவற்றையும் போலவே சுத்தமாக, கோடு போட்டு எழுதியிருந்தாள். இன்னும் இரண்டு மாதத்தில் அந்த நோட்டு சிட்டகாங்கில் ஒரு புது ஆலையின் மேஜையில் இருக்கும். அதைப் பார்த்து நூறு பேர் கற்றுக்கொள்வார்கள். அவர்களிடம் இன்னொரு ஊர்க்காரர்கள் நோட்டோடு வந்து நிற்பார்கள். நான் செத்த பிறகும் என் கை எங்கோ ஊசி ஒடித்துக்கொண்டிருக்கும். எனக்கு அவமானமாக இருந்தது. பே சார் முன்னால் வராத அவமானம், என்னிடம் பாடம் கேட்கிறவள் முன்னால் வந்தது.

மணி நாலே முக்கால். நான் ஓடவில்லை, ஓடினால் பெண்கள் பயந்துவிடுவார்கள். கதவு வரை நடந்தேன், முற்றத்தில் கால் வைத்ததும் ஓடினேன். லாரியின் பின்பக்கம் இன்னும் மூடவில்லை. கடைசியாக ஏற்றிய பெட்டிகள் வெளிப்பக்கமே இருந்தன.

"கடைசி பதினோரு பெட்டிய எறக்குங்க" என்றேன்.

லோடு ஏற்றுகிறவர் கயிற்றைக் கையில் சுற்றியபடி பார்த்தார். "என்ன லீடரம்மா, வெளையாடறீங்களா? லோடுக்குச் சீட்டு எழுதியாச்சு. யாரு சொன்னாங்க?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா எப்படி? மேல சாரச் சொல்லச் சொல்லுங்க."

அவர் அசையவில்லை. நான் லாரியின் கம்பியைப் பிடித்து ஏறி, முதல் பெட்டியை என் பக்கம் இழுத்தேன். நாற்பது சட்டை என்ன கனம் என்று அதுவரை எனக்குத் தெரியாது, பெட்டி தூக்குவது ஆண்கள் வேலை. பாதி வெளியே வந்து சரியப்போன பெட்டியைக் கீழே இரண்டு கை தாங்கியது. ரௌஷன். பென்சில் காதில் செருகியிருந்தது. இரண்டு பேருமாக அதைச் சிமெண்ட் தரையில் இறக்கினோம். என் கழுத்தில் தொங்கிய நூல் கத்தரியால் ஒட்டுத்தாளைக் கிழித்தேன்.

"எப்பிடிப் பாக்கறது அக்கா?"

"கட்டவெரல வெச்சு அழுத்து. தையல் மேலேயே போ. மெதுவா. அவசரப்படாதே." கடைசிச் சொல்லை அந்த ஆலையில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாடி ஜன்னல் திறந்தது. "மால்சுன்!" என்று பே சாரின் குரல். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கதவு வழியாகத் தலையை நீட்டினார். லாரி உறுமிக்கொண்டே நின்றது, புகை எங்கள் மேல் வந்தது. இரும்புப் படிகளில் காலடி தடதடவென்று இறங்கியது.

நான் நிமிரவில்லை. முதல் சட்டையின் கழுத்து என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. காலரைப் பிரித்து, பலம்கொண்ட மட்டும் கட்டைவிரலை அழுத்தி, தையல் வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொண்டுபோனேன். குத்து, குத்து என்று மனசுக்குள் கெஞ்சினேன். குத்தவில்லை. அதை மடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன்.