ஒரு நாளைக்கு ஒரு நெல்

சோரியாங்குப்பம் உலகநாதன் 1931 ஜூலை பதினான்காம் தேதி காலை ஒன்பதரை மணிக்குச் சுட்ட ஈயக்குண்டு, இருபது மீட்டர் தள்ளி நட்டிருந்த பலகையில் 1938 மே பதினான்காம் தேதி பட்டது. வழியில் எங்கும் தங்கவில்லை, யார் கையும் அதன் மேல் படவில்லை. அன்றைக்குப் பாகூர் சந்தையில் கத்தரிக்காய் மலிவு.

துப்பாக்கி ஒன்றும் பிரமாதமில்லை. மருந்து வேண்டாத காற்றுத் துப்பாக்கி, புதுச்சேரிப் பட்டணத்துக் கடையொன்றில் மூலையில் கிடந்த ஜெர்மன் சரக்கு. ஒரு கன்றுக்குட்டியை விற்றவன் வாங்கிவிடலாம், உலகநாதன் விற்றான், வாங்கினான். குழலை மடித்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும், விசையை இழுத்தால் அது பாய்ந்து காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். மலிவுத் துப்பாக்கிகளுக்கு உள்ள வியாதி அதற்கும் இருந்தது. குண்டு குழலை விட்டுப் போவதற்குள் முன்னால் ஒரு உதறல், பின்னால் ஒரு உதறல். வருஷா வருஷம் ஜூலை பதினாலில் பிரெஞ்சுக்காரர் திருநாளுக்குப் பாகூர் மேரி முன்னால், அதாவது கொம்யூன் ஆபீசு முன்னால் உள்ள மைதானத்தில், வழுக்கு மரம், சாக்கு ஓட்டம், குறி சுடுதல் எல்லாம் நடக்கும். 1929இல் உலகநாதனின் குண்டு தென்னை மரத்துக்குப் போனது. 1930இல் பட்டணத்திலிருந்து வந்த பேண்டுக்காரரின் பெரிய டமாரத்துக்குள் புகுந்தது. அந்த டமாரம் அப்புறம் பதினெட்டு நாள் தானாகவே முனகிக்கொண்டிருந்ததை வில்லியனூர் வரைக்கும் கேட்டவர்கள் உண்டு. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அமுதம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அதன்பின் ஒரு வருஷம் உலகநாதன் துப்பாக்கியைச் சீர்செய்தான். மற்றவர்களாக இருந்தால் ஸ்பிரிங்கை முறுக்கேற்றியிருப்பார்கள். இவன் உழவன், வண்டிக்குப் பழகாத மாடு மிரள்வதைப் போலத்தான் துப்பாக்கியும் மிரள்கிறது என்று முடிவு கட்டினான். ஸ்பிரிங்கை எடுத்துச் சாணைக்கல்லில் பளபளவென்று தேய்த்தான், நுனியில் ஒரு சுற்று வெட்டினான், போதாதென்று இன்னொரு சுற்று வெட்டினான். காற்றை அடைக்கும் தோல் வளையத்தைப் பிடுங்கிவிட்டு ஆட்டுத்தோலில் புதிது வெட்டி ஒரு மாதம் விளக்கெண்ணெயில் ஊறப்போட்டான். ஒவ்வொரு முறை சுட்டதும் கட்டையைத் தடவிக் கொடுத்து, "ஓ… ஓ…" என்று சமாதானம் சொல்லி, நிழலில் படுக்க வைத்தான். கரும்புத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு வந்தால் துப்பாக்கி, சோறு தின்னும்போதும் மடியில் துப்பாக்கி.

"யோவ், என் பேரு ஞாபகம் கீதா உனக்கு?" என்று ஒரு நாள் அமுதம் கேட்டாள்.

"கீது, இரு. தோலு ஊறட்டும்."

ஆனி மாதத்துக்குள் துப்பாக்கிக்குப் பயம் போய்விட்டது. பயத்தோடு அவசரமும் போய்விட்டது என்பதை அவன் கவனிக்கவில்லை. திருநாள் காலையில், மடுகரைக்குப் போகும் வண்டியில் தன் துணி மூட்டையை ஏற்றிவிட்டுத்தான் அமுதம் மைதானத்துக்கே வந்தாள். அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னாள்: "இன்னிக்குக் குண்டு பலகையில படலன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். என்னிக்குப் படுதோ அன்னிக்கு ஆள் அனுப்பு, வரேன். அது வரிக்கும் இதுக்கே சோறாக்கிப் போட்டுக்கினு குடும்பம் நடத்து."

உலகநாதன் குறி பார்த்து விசையை இழுத்தான். பூனை தும்மின சத்தம்கூட இல்லை. பலகையில் ஒன்றும் படவில்லை. சனம் சிரித்தது, வண்டி கிளம்பியது. புள்ளி எழுத உட்கார்ந்திருந்த, ஊரார் 'முசே' என்று மரியாதையாகக் கூப்பிடும் மேரி குமாஸ்தா அந்தோணிசாமி மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து குழலுக்கு முன்னால் குனிந்தார்.

"போவுதுபா."

"இன்னா முசே போவுது?"

"குண்டுதான். நேராத்தான் போவுது. ஆனா மெள்ள."

குழல் வாயிலிருந்து மயிரிழை தள்ளி, நெஞ்சு உயரத்தில், குண்டு அந்தரத்தில் இருந்தது. அந்தோணிசாமி கீழே முளை அடித்தார். மறுநாள் அளந்தபோது ஒரு நெல் நீளம் நகர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு நெல். பட்டதாகவும் எழுத முடியாமல், தவறியதாகவும் எழுத முடியாமல், புள்ளித்தாளில் உலகநாதன் பெயருக்கு நேரே 'வருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சேதி மடுகரைக்குப் போனது. "காத்துல நிக்கிதாமா? கிட்டப் போய்ப் பாருங்க, மாட்டு ஈயா இருக்கும்" என்றாள் அமுதம்.

முதல் ஆறு மாதம் கூட்டமான கூட்டம். நல்லவாட்டு மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள், பட்டணத்துத் துரைகள் குடையோடு வந்தார்கள். நாளொன்றுக்கு ஒரு நெல் போகிற அதிசயத்தை எத்தனை நாள்தான் பார்ப்பது? பொங்கலுக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். மேரித் தலைவரான மேர் துரை மைதானத்து ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள அனுமதித்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உலகநாதன் அங்கே குடியேறினான். அடுத்த வருஷத் திருநாள் நான்கு அடி தள்ளி நடந்தது, அதற்கடுத்ததும் அப்படியே.

"பலகையக் கிட்டக் கொண்டாந்து நட்டுடலாம்பா, ஒரு கையெழுத்துல முடிஞ்சிரும்" என்றார் அந்தோணிசாமி, இரக்கப்பட்டு.

"இருபது மீட்டருன்னு சொல்லித்தான் முசே சுட்டேன். கிட்டக் கொண்டாந்தா அவ வந்தாலும் தங்கமாட்டா."

ஒரு ஆளுக்கு உலை வைத்து, குண்டைப் பார்த்தபடி தின்றான். மழையில் அதன் மூக்கில் ஒரு சொட்டு தொங்கும். வெயிலில் தும்பி வந்து உட்கார்ந்து, தான் நகர்வது தெரியாமல் உறங்கும். ஒரு கார்த்திகைப் புயல் குடிசைக் கூரையையும் மேரிக் கொடிமரத்தையும் கொண்டுபோனது. குண்டு அன்றைக்கும் ஒரு நெல்தான் போனது. பேச்சுத் துணைக்கு அதனோடு பேசிப் பார்த்தான், அது திரும்பிப் பார்க்கிற ஜாதி இல்லை. தை பிறந்ததும் மடுகரைக்கு நடப்பான். அமுதம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பட்டுதா?" என்பாள். "இன்னும் இல்ல" என்பான். குடித்துவிட்டுத் திரும்புவான். ஏழு தை அப்படிப் போனது. தாடி வெளுத்தது, குரல் உள்ளே போய்விட்டது; கடைசி வருஷம் உப்பு வாங்கப் போனவன் உப்பு என்ற சொல் வராமல் கைகாட்டி வாங்கி வந்தான்.

முப்பத்தெட்டு மே பத்தாம் தேதி, நான்கு நெல் தூரம் பாக்கி இருந்தபோது, அந்தோணிசாமி யாரையும் கேட்காமல் மடுகரைக்கு ஆள் அனுப்பினார். பொய்யைக் கையோடு பிடித்து, அவனைத் தலைமுழுகிவிட்டுப் போவதென்று அமுதம் வந்தாள், இடுப்பில் கதிர் அரிவாளோடு.

"நூல எங்க கட்டிக்கீற?" என்று கேட்டு, குண்டுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் காற்றை அரிந்து பார்த்தாள். ஒன்றும் அறுபடவில்லை. முறத்தால் விசிறினாள். அசையவில்லை. "எவனோ மந்திரம் வெச்சிக்கீறான்" என்று பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் அவன். முதல் நாள் அவள் குண்டை மட்டும் பார்த்தாள். இரண்டாம் நாள் அவன் ஒற்றை ஆளுக்குச் சோறாக்குவதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் குண்டு நகர்ந்ததா என்று அவளேதான் நெல் வைத்து அளந்தாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை வெயில் ஏறுகிற நேரம், உலகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பலகையில் 'டொக்' என்றது. குண்டு பாதி புதைந்திருந்தது, நடுப்புள்ளிக்கு நான்கு விரல் இடப்பக்கம். அமுதம் தொட்டாள், சூடு பொறுக்காமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தோணிசாமி தாளை நீட்டி, சாட்சிக் கையெழுத்து யார் என்று கேட்டார்.

"குடுங்க முசே, கைநாட்டு வெக்கிறேன்" என்றாள் அவள். "பட்டுதுய்யா. நடுவுல இல்ல. ஆனா பட்டுது, நான் பாத்தேன்."