யூரானியின் ஆல்பமும் மேலே போன வீடும்

யூரானியின் முதல் ஆல்பத்துக்கு மூன்றாவது பாட்டு பதிவாகி முடிந்த அன்று, அவள் வீடு தன் மரக்கால்களை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. புவெனவெந்தூரா என்ற அந்தத் துறைமுக ஊரில் கடல்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள் சாய்வதுண்டு, அலையோடு போவதுமுண்டு. எழும்பியது இது ஒன்றுதான். பக்கத்து வீட்டு மெல்பா இறால் உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "எதில்மாக்கா, ஏணி வேணுமா? எங்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்கு" என்றாள். யூரானியின் அம்மா எதில்மா வாங்கிக்கொண்டாள்.

யூரானி ராப் பாடுகிறவள். சுவரெல்லாம் மெத்தையும் முட்டை அட்டையும் அடித்து ஒரு அறையைப் பதிவுக்கூடம் ஆக்கியிருந்தார்கள். அலை ஏறினால் பலகைக்குக் கீழே தண்ணீர் அறையும் சத்தம் மைக்கில் விழும் என்பதால், கடல் உள்வாங்கிய நேரத்தில் மட்டும் பாடினாள். மலைநாட்டு நகரத்திலிருந்து கணினியோடு வந்திருந்த ஹைமே பதிவுசெய்தான். அப்பா விட்டுப்போனதைப் பாடியதும் பலகைகள் நீளமாக மூச்சுவிட்டன. தெருமுனைத் துப்பாக்கிக்காரர்களுக்குப் பயந்து வாய்மூடிக் கிடந்த வருஷங்களைப் பாடியதும் தூண்கள் தளர்ந்தன. சொல்லாமல் வைத்திருந்தது பாட்டுக்குள் போகப் போக வீட்டின் பாரம் குறைந்தது, அவ்வளவுதான். மழைக்காலம் வந்து போனது. வீட்டைப் படகுக் கயிற்றால் அலையாத்தி வேர்களில் கட்டினார்கள். ஏணியை இரண்டு முறை நீட்டினார்கள். கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்ந்தது. கூழைக்கடாக்கள் வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் பறந்து போயின.

மிச்சம் இருந்தது அண்ணன் ஃபானோரின் பாட்டு. படகின் விளிம்பில் தட்டித் தட்டி அவளுக்குத் தாளம் காட்டியவன் அவன்தான். ஒரு காலையில் மீனுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அந்த ஊரில் ஒருவர் இறந்தால் ஒன்பது இரவு பாடுவார்கள். கடைசி இரவில், இறந்தவருக்காக வீட்டில் வைத்த பீடத்தைக் கலைத்து, அதற்கென்றே உள்ள பாட்டைப் பாடி ஆன்மாவை வழியனுப்புவார்கள். எதில்மா அதற்குச் சம்மதிக்கவே இல்லை. தினமும் அவனுக்கென்று ஒரு தட்டில் தேங்காய்ப்பால் சோறு வைத்தாள்.

"அந்தப் பாட்ட மட்டும் பாடாத புள்ள. அவன் வர்றப்ப வீடு இருந்த எடத்துல இருக்கணும்" என்றாள்.

அவன் இல்லாத ஆல்பம் பொய் என்று யூரானிக்குத் தோன்றியது. அம்மா சந்தைக்குப் போன ஒரு பகலில் பாடினாள். அவள் குரலுக்கு அடியில் ஹைமே, எங்கோ ஒரு சாவு வீட்டில் பதிந்துவைத்திருந்த பெண்களின் பாட்டைச் சேர்த்தான். அது ஒன்பதாம் இரவின் பாட்டு என்று அவனுக்குத் தெரியாது. யூரானிக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தாள். கயிறுகள் முறுகின. ஒன்று அறுந்தது. வீடு தென்னந்தலைகளைத் தாண்டி ஏறியது.

கீழே நின்றவர்கள் இன்னும் நீட்டிக் கட்டிக்கொடுத்த ஆடும் ஏணியில் எதில்மா மீன்கூடையோடு ஏறி வந்து நின்றாள். கணினியில் அந்தப் பெண்களின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"யாருடா செத்தது இங்க?"

"யாருமில்லம்மா. ராகம் நல்லா இருந்துச்சேன்னு..." என்றான் ஹைமே.

"வழியனுப்புற பாட்டுடா அது! எம்புள்ளைய நீ யாருடா அனுப்பி வைக்க?" பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்ல?"

யூரானி ஹைமேயைப் பார்த்தாள். அவன் பாட்டை நிறுத்தினான். கீழே கடல் ஏறத் தொடங்கியிருந்தது, ஆனால் அதன் சத்தம் இப்போது அவ்வளவு உயரத்துக்கு வரவில்லை.

"எனக்குக் களைச்சுப் போச்சும்மா" என்றாள் யூரானி.

"எனக்கு மட்டும் என்னவாம்?"

எதில்மா கூடையை இறக்கினாள். சோற்றைப் போட்டு, தட்டை எப்போதும் வைக்கும் பலகையில் வைத்தாள். வீடு அசைந்து, ஒரு சாண் இறங்கி, நின்றது. மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

யூரானி ஒன்பதாம் இரவின் பாட்டை அழிக்கச் சொன்னாள். தன் வரிகளையும் அழிக்கச் சொன்னாள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் யாரும் பாடுவதில்லை. நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்கும், பிறகு பலகையில் ஒரு தட்டு உட்காரும் சத்தம். துறைமுகத் தெருக்களில் அதைச் சத்தமாக வைத்துக் கேட்கிறார்கள். அது ஓடும்போது எதிர்வீட்டுக்காரர்கள்கூடச் சண்டையை நிறுத்திவிடுகிறார்கள்.

வீடு அந்த உயரத்திலேயே நிற்கிறது. அன்று சாயங்காலமே எதில்மா வாசலில் விளக்கை மாட்டிவிட்டுக் கடலைப் பார்த்தாள். "இங்க வச்சா இன்னும் தூரத்துக்குத் தெரியும்" என்றாள். வெகுதூரம் போகும் படகுகள் இப்போது அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை திரும்புகின்றன. மெல்பா தன் ஏணியைத் திருப்பிக் கேட்கவில்லை.