இரண்டாவது ஆள்

இரத்தம் ஏற்றும் வேலையில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி வகுப்புக்கு வந்தாக வேண்டும். வராதவர் இரத்தப் பையைத் தொட முடியாது. அதனால் எல்லோரும் வருவார்கள். யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். பின்வரிசை, என்னைப் போல இரவுப் பணி முடித்து வரும் இரத்த வங்கி ஆட்கள் தூங்குவதற்கு. முன்வரிசை, கைப்பேசியை மடியில் மறைத்துப் பார்க்கும் நர்ஸுகளுக்கு.

இந்த வருடம் யாரும் தூங்கவில்லை. முன்வரிசையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

இருவரும் கூடப்பிறந்தவர்கள். அறுவை சிகிச்சை வார்டில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வார்டில் பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட, தங்கையைப் படிக்கவைத்து, தன் வார்டிலேயே வேலைக்கும் கொண்டுவந்து சேர்த்தவள் அக்கா. தங்கை முப்பது வயது தாண்டியும், அக்கா வாங்கிக் கொடுக்கும் செருப்பைத்தான் போடுவாள்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மதியம், பார்வையாளர் நேரத்தில், அந்த வார்டிலிருந்த வேன் டிரைவர் ஒருவருக்கு இவர்கள் இரத்தம் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே பெயரில் இன்னொருவர். அவருக்கு வந்த பை இவருக்கு ஏறியது. டிரைவர் ஓ குரூப், பை ஏ குரூப். இரத்தம் மாறிப் போனால் மணி அடிக்காது. இடுப்பு வலிக்கிறது என்றார். பிறகு குளிரில் உதறினார். சிறுநீர் கறுத்தது, அப்புறம் நின்றே போனது. அந்த வாரம் முடிவதற்குள் அவர் மனைவி உடலை வாங்கிக்கொண்டு போனாள்.

விசாரணையில் அக்காதான் பேசினாள். "ரெண்டு பேரும் சரிபார்த்தோம். பேர் கேட்டோம், தலையாட்டினார்." தங்கை பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். இந்த வகுப்பின் செய்முறைத் தேர்வில் தேறினால் இருவரும் மறுபடி வார்டு வேலை பார்க்கலாம், இல்லாவிட்டால் வெளிநோயாளிகளுக்குச் சீட்டு கொடுக்கும் ஜன்னலோடு காலத்தை ஓட்ட வேண்டியதுதான் என்று முடிவானது.

வகுப்பு எடுத்தவர் எங்கள் இரத்த வங்கியின் தலைமை டாக்டர். யார் பெயரையும் சொல்லாமல், முன்வரிசையைப் பார்க்காமல் பேசினார்.

"நீங்கதானே இன்னார்னு கேக்காதீங்க. வலியில கிடக்குறவர்கிட்ட நீங்கதானே மகாராஜான்னு கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வார். உங்க பேர் என்னன்னு கேளுங்க. அவர் வாயால வரணும். பேரும் நம்பரும் எழுதிக் கையில கட்டியிருக்கிற பட்டையைப் பாருங்க. பையும் அதோட வர்ற சீட்டும் ஒத்துப்போனா மட்டும் போதாது, ரெண்டுமே பக்கத்துக் கட்டிலோடதா இருக்கலாம்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"ரெண்டு பேர் பாக்கணும்னா தனித்தனியா பாக்கணும். ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் ஆமா போட்டா அதுக்குப் பேர் சரிபார்ப்பு இல்ல. ஒத்து ஊதுறது."

சிரிப்பு எழப் பார்த்து அடங்கிவிட்டது.

செய்முறைக்கு மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பொம்மை படுத்திருந்தது. எல்லோரும் சுற்றி நின்று உபசரிப்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். அதன் கைப்பட்டையில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி எழுதிவைக்கும்படி காலையில் டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். எழுதி வைத்தேன். பையில் சிவப்புச் சாயத் தண்ணீர்.

"யார் யாரோட சேர்ந்து செய்றீங்க?" என்றார் டாக்டர்.

"நாங்க சேர்ந்தே செய்றோம் மேடம்," என்றாள் அக்கா.

"வேற ஆளோட செய்யலாமே?"

"எதுக்கு மேடம்? அவ என் தங்கச்சி."

அக்கா பையைக் கையில் எடுத்தாள். பை எண், குரூப், காலாவதித் தேதி என்று மடமடவென்று படித்தாள். அத்தனை வருடப் பழக்கம். ஒவ்வொன்றுக்கும் தங்கையின் உதடு "சரி" என்பது போல அசைந்தது, சத்தம் வரவில்லை. நோயாளி எண்ணை அக்கா படித்தபோது தங்கை குனிந்து பொம்மையின் மணிக்கட்டைத் திருப்பினாள்.

"அக்கா, நிறுத்து."

"என்னடி?"

"கடைசி நம்பர் வேறயா இருக்கு."

அக்கா எட்டிப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். அறை முழுக்கக் கைதட்டியது. பின்னாலிருந்து யாரோ, "சின்ன சிஸ்டர் மாப்பிள்ளை உயிரைக் காப்பாத்திட்டாங்கப்பா!" என்றார்கள்.

டாக்டர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு. "இவ்வளவுதான். இதைத்தான் நான் கேக்குறேன்."

தங்கை பொம்மையின் கையை விடவில்லை.

"இவ்வளவுதானா மேடம்?"

"ஏன்?"

"அன்னைக்கு அவர் கையை நான்தான் பிடிச்சிருந்தேன். ஊசின்னா பயம்னு சொன்னார். பயப்படாதீங்கண்ணேன்னு பிடிச்சுக்கிட்டேன். பட்டை என் விரலுக்கு அடியிலதான் இருந்துச்சு. நான் பாக்கல. அக்கா படிச்சா, நான் சரின்னேன்."

"வாயை மூடுடி," என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூடித்தானே இருந்தேன், இத்தனை நாளும்."

டாக்டர் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார். யாரும் ஃபிளாஸ்க் பக்கம் போகவில்லை.

நான் சாயத் தண்ணீரைக் கொட்டத் தாழ்வாரத்துத் தொட்டிக்குப் போனேன். இருவரும் அங்கே நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், பொருட்படுத்தவில்லை.

"உன்னைக் காப்பாத்தத்தான் விசாரணையில அப்படிப் பேசினேன். ஊரைக் கூட்டி உடைச்சிட்டியே."

"என்னைக் காப்பாத்துனது போதும்க்கா. அந்த ஆள் போயிட்டாரு."

அக்கா குழாயைத் திறந்தாள். கை கழுவவில்லை. மூடினாள்.

"இன்னைக்கு நிறுத்துன்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல? அன்னைக்கு ஏண்டி சொல்லல?"

"நீ படிச்சா தப்பு இருக்கும்னு எனக்குத் தோணினதே இல்லக்கா."

"நீ பாக்குறேன்னு நினைச்சுத்தானே நான் வேகமா படிச்சேன்."

நான் பையைப் பிழிந்து முடித்துவிட்டேன், ஆனாலும் நின்றேன்.

டாக்டர் வெளியே வந்தார். "ரெண்டு பேருமே தேறிட்டீங்க. ஆனா நீங்க உள்ள சொன்னதை விசாரணைக் குழுகிட்ட நான் மறைக்க முடியாதும்மா. உங்க வேலைக்கே ஆபத்து வரலாம்."

"தெரியும் மேடம். நீங்க கேக்கணும்னுதான் சொன்னேன்," என்றாள் தங்கை.

"உங்க அக்காவுக்கும் சேர்த்துத்தான் வரும்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொட்டி மேல் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மாடிப்படிப் பக்கம் நடந்தாள். படி திரும்பும் இடத்தில் நின்றாள். தங்கை பின்னால் வருவதற்கு நிற்கும் பழக்கம். தங்கை அசையவில்லை. அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.