மேஸ்திரியை யாரிடம் கொடுப்பது

இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கண் எதற்கு இருக்கிறதென்றே கிழவருக்குப் புரியவில்லை. சந்தைக்கு வருகிறான், கிடாவுக்கு முன்னால் நிற்கிறான், கிடாவைப் பார்க்காமல் போனை நீட்டிப் படம் பிடிக்கிறான். எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்னொருவனுக்கு அதை அனுப்புகிறான். கிடாவின் மூச்சு இவன் முழங்காலில் பட்டுக்கொண்டிருக்கிறது; வேண்டும் வேண்டாம் என்று சொல்கிறவனோ எந்த ஊரிலோ பல் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

"பல்லைப் பாத்தானா? குளம்பைத் தூக்கினானா? படம் புடிக்கிறானாம் படம். பொண்ணு பாக்க வந்தானா, கிடா வாங்க வந்தானா?"

அவர் மனைவி கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இவன் நாலாவது ஆளு. நாலு பேரையும் விரட்டியாச்சு. இப்படியே போனா மேஸ்திரி நம்ம ரெண்டு பேரையும் வித்துட்டு அவன் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவான்."

மேஸ்திரி என்பது கிடாவின் பெயர். தாய் வெயில் மழை எதற்கும் அசராத குட்டை இனம், தகப்பன் நெஞ்சு அகன்ற பெரிய வெள்ளை இனம். இரண்டும் கலந்து பிறந்தவன். தாயின் காலும் தகப்பனின் உடம்பும் வாய்த்திருந்தன. தினமும் காலையில் பட்டியைத் திறந்ததும் வேலியை ஓரமாக ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு பெட்டையையும் மோந்து பார்த்து, எல்லாம் சரி என்பதுபோல் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் மேயப் போவான். அதனால் அந்தப் பெயர்.

அவனிடம் ஒரு குறையும் இல்லை. அவனுடைய மகள்கள் வளர்ந்துவிட்டார்கள், அதுதான் விஷயம். பட்டியில் இருக்கும் இளம்பெட்டைகள் பதினான்கும் அவனுக்குப் பிறந்தவை. இனி அங்கே அவன் இருந்தால் அடுத்த ஈற்றில் குட்டிகள் நோஞ்சானாக விழும். கிடாவை மாற்றியே ஆக வேண்டும். புதுக் கிடா ஒன்று போன வாரமே வந்து கட்டுத்தறியில் நிற்கிறது. மேஸ்திரி அதைத் தினமும் முட்டப் போகிறான்.

விற்பது பெரிய காரியமில்லை, யாரிடம் விற்பது என்பதுதான். சந்தை வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. அதில் ஏறும் ஆடுகளின் முதுகில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு விழுந்தால் கறிக்கடை. மேஸ்திரிக்கு நாலு வயது. இன்னும் நாலைந்து வருடம் குட்டி போடவைக்கத் தெம்பு இருக்கிறது. அவன் முதுகில் அந்தக் கோடு விழுந்துவிட்டால் இனி இந்தச் சந்தைப் பக்கமே வருவதில்லை என்று கிழவர் காலையிலேயே தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். வாங்க வருகிறவன் ஒவ்வொருவனும் வளர்க்கத்தான் என்கிறான். வாயால் சொல்வதை நம்ப அவர் என்ன நேற்றா பிறந்தார்?

அவரிடம் ஒரு சோதனை இருந்தது. ஆள் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். வளர்க்கிறவன் கை முதலில் வாய்க்குப் போகும், பிறகு குளம்புக்கு, பிறகு பின்னங்கால்களுக்கு நடுவே விதைக்கு. கறிக்கு வாங்குகிறவன் கை நேராக முதுகுக்குப் போகும், எவ்வளவு சதை தேறும் என்று. இந்தச் சோதனை இதுவரை தவறியதில்லை என்பது அவர் எண்ணம்.

ஐந்தாவதாக வந்தவள் ஒரு தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருப்பாள் போல. "ஐயா, பொலிகிடாவா, பெட்டைக்கு விடுறதா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கையையும் மேஸ்திரியின் முதுகில் வைத்து, முள்ளந்தண்டோடு மெதுவாக விரலை ஓட்டினாள்.

"எடு கையை."

"ஐயா, நான் பதினோரு பெட்டை..."

"பதினோரு பெட்டையோ பதினோரு கொப்பரையோ, எடு கையை. லாரி அந்தப் பக்கம் நிக்குது, போய் ஏறிக்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்துவிட்டாள். மேஸ்திரி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாவம், நல்ல மாதிரியாத்தான் தெரிஞ்சா," என்றாள் மனைவி.

"உனக்கு எல்லாரும் நல்ல மாதிரிதான். என்னையே கட்டிக்கிட்டவ நீ."

"அதைச் சொல்லுங்க. அன்னைக்கும் நான் பல்லைப் பாக்கல."

ஆறாவதாக வந்தவனைப் பார்த்ததும் கிழவர் மனம் குளிர்ந்தது. ஆள் வாயைத் திறக்கவே இல்லை. மேஸ்திரியின் உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணினான். நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இடுக்கில் பார்த்தான். பின்னால் குந்தி விதை இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தான். முதுகுப் பக்கம் கை போகவே இல்லை.

"எத்தனை பெட்டை இரட்டைக் குட்டி போட்டுது பெரியவரே?"

"பாதிக்கு மேல."

"அப்ப இவன்தான் வேணும். வீட்ல இருபது பெட்டை இவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

விலையும் தாராளமாகச் சொன்னான். இப்படி ஒரு விவரமான மனிதனைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! கிழவர் கயிற்றை அவன் கையில் கொடுத்தார். அவன் பணத்துக்காக மடியைத் தடவும்போது மனைவி எழுந்து வந்து மேஸ்திரியின் தாடையைப் பிடித்தாள்.

"ஏங்க, வாயில ரத்தம்."

வெள்ளை உதட்டில் சிவப்பாக ஒரு தீற்றல். அவள் கட்டைவிரலால் துடைத்து மோந்து பார்த்தாள்.

"ரத்தம் இல்ல. சாயம்."

கிழவர் அந்த ஆளின் கையைப் பிடித்துத் திருப்பினார். கையைக் கழுவியிருந்தான்; ஆனால் நகக்கண்ணிலும் விரல் மடிப்பிலும் சிவப்பு அப்படியே ஒட்டியிருந்தது.

"லாரிக்காரனா நீ?"

"கோச்சுக்காதீங்க தாத்தா. உங்களை மாதிரி ஆளுங்க கிட்ட வாங்கணும்னா இப்படித்தான் பாக்கணும். முதுகைத் தொட்டா விரட்டிடுவீங்கன்னு சந்தைக்கே தெரியும்."

கிழவர் கயிற்றைப் பிடுங்கிய வேகத்தில் அந்த ஆள் ஓரடி முன்னால் வந்து விழப்பார்த்தான். பிறகு அவர் சொன்ன வார்த்தைகளைக் கேட்டுப் பக்கத்துப் பட்டியில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

கிழவர் கயிற்றை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு இன்னும் தொட்டிகிட்டதான் நிக்குறா," என்றாள் மனைவி, கடலைத் தோலை ஊதியபடி.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. மேஸ்திரிக்குத் தாகமா இருக்கும்."

கிழவர் கிடாவை ஓட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனார். தண்ணீர் காட்டத்தான் வந்தேன் என்று முகத்தை வைத்துக்கொண்டார். மேஸ்திரி குடித்து முடிக்கும்வரை பொறுத்தார்.

"முதுகை எதுக்குத் தடவினே?"

"கொழுத்திருக்கானான்னு பாத்தேன். கொழுத்த கிடா ரெண்டு நாள் பெட்டை பின்னால ஓடிட்டு மூணாம் நாள் படுத்துக்கும். எலும்பு துருத்திட்டு இருந்தாலும் ஆகாது. விரலுக்குப் பட்டும் படாம இருக்கணும்."

"கண்ணால பாத்தா தெரியாதா?"

"ரோமத்துக்கு மேல கண்ணு பொய் சொல்லும் ஐயா. கடைக்கு வர்றவங்க மூச்சை அடக்கிக்கிட்டு நிப்பாங்க, நாடாவைப் போட்டாத்தான் இடுப்பு எவ்வளவுன்னு தெரியும்."

கிழவர் யாரும் பார்க்காதபோது மேஸ்திரியின் முதுகில் விரலை வைத்து அழுத்தினார். எலும்பு பட்டது, பட்டும் படாமல்.

"இவன் பேரு என்ன?" என்று கேட்டாள் தையல்காரி.

காலையிலிருந்து வந்த மற்ற ஐந்து பேரில் இதை ஒருவரும் கேட்கவில்லை. அவர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"மேஸ்திரி."

"மேஸ்திரி, வாடா."

அவன் போனான். போய், அளவு நாடாவின் நுனியை வாயில் வைத்து மெல்லத் தொடங்கினான்.

"யாரு கூப்பிட்டாலும் போறான், ரோஷம் கெட்டவன்," என்றார் கிழவர். "தகர வாளியில தண்ணி வெச்சா குடிக்க மாட்டான். இடது காதுக்குப் பின்னால சொறியணும், வலது காதுன்னா முட்டுவான். ரெண்டு வருஷத்துல உன் பட்டியிலயும் இவன் மகளுங்க வளந்து நிப்பாங்க. அப்ப என்ன பண்ணுவே?"

"இதே சந்தைக்குக் கொண்டு வருவேன். வந்து, நாலு பேரை விரட்டுவேன்."

"ஆறு," என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி. "உன்னையும் சேத்து."

லாரிக்காரன் சொன்னதைவிடக் குறைவாகத்தான் தையல்காரி கொடுத்தாள். மனைவி பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கிழவர் எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. கயிற்று முனையை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார். தையல்காரியும் இழுக்காமல் நின்றாள்.

"வர்ற மாசம் வந்து பாப்பேன். சொல்லாம வருவேன்."

"வாங்க. சட்டை ஒண்ணு தைச்சு வெக்கிறேன். நாப்பத்திரண்டு சைஸ்."

"நாடா போடாமலே சொல்றா பாரு," என்று முணுமுணுத்துவிட்டு அவர் கயிற்றை விட்டார்.

வாசல்வரை போவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை மனைவியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாத்தியா? மறுபடியும் முதுகைத்தான் தடவுறா."

"நடங்க."

"எனக்கென்னவோ சரியாப் படல," என்று சொல்லிக்கொண்டே கிழவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.