உப்பு பார்த்தவன்

என் மனைவி ஜானகி போய் முப்பதாம் நாள் படையல். அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று மருமகள் திலகவதி கேட்டபோது, இதில் என்ன யோசனை, மடவை மீன் குழம்புதான் என்றேன். அத்தை மீன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லையே என்று அவள் இழுத்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நேற்று வந்தவள் என் பெண்டாட்டியைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாளா? நானே ஆரம்பாக்கம் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தேன்.

வந்திருந்த சொந்தக்காரர்களிடம் வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். குழம்பு கொதிக்கும்போதே ஜானகி ஓடி வந்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். உப்பு சரி என்று நான் சொன்னால்தான் அடுப்பை அணைப்பாள். என்மேல் அவ்வளவு பிரியம். பேத்தி பூமிகாகூடக் கேட்டுச் சிரித்தாள்.

இலை போட்ட பிறகுதான் கமர் நிஷா வந்தார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஜானகியோடு ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவர், ஒரே வேனில் போய் வந்தவர். இலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாண்ணே, மீனு வச்சிகிறீங்க? அந்த வாடையே அவளுக்கு ஆவாதே. வாய்ல வைக்க முடியாமதான் உங்க கையில வுட்டு உப்பு பாக்குறேன்னு சொல்லிச் சிரிப்பாளே."

சற்றுமுன் என் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை.

கமர் நிஷா பையிலிருந்து ஒரு தேங்காய் பன் எடுத்தார். ஷிப்ட் முடிந்ததும் இருவரும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்களாம். பாதியைப் பிய்த்து இலையில் வைத்தார். மீதியை அழுதுகொண்டே தானே தின்றார்.

பந்தியில் திலகவதி முதலில் என் இலையில்தான் குழம்பு ஊற்றினாள். படையலுக்குச் செய்ததை முன்னாலேயே ருசி பார்க்கக் கூடாது என்பதால், என்ன சொல்வேனோ என்று பக்கத்திலேயே நின்றாள். ஒரு வாய் வைத்தேன். வெட்கக்கேடு, ருசியாகத்தான் இருந்தது.

"உப்பு சரியா கீதா மாமா?"

"சரியா கீதும்மா," என்றேன். எனக்கு வேறென்ன தெரியும்?