மூடி, சரி!

முப்பத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவன் நான். சிக்னலை விரலால் சுட்டி, "பச்சை, சரி!" என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு நாளும் வண்டியை நகர்த்தியதில்லை. ஓய்வு பெற்று, ஜப்பானில் எங்கள் ஊரான யோனாகோவின் வான்நோக்குச் சங்கத்தில் சேர்ந்ததும் அந்தப் பழக்கத்தை அங்கேயும் புகுத்தினேன். சூரியன் பக்கம் தொலைநோக்கியைத் திருப்புமுன் சுட்டிச் சொல்லியே ஆகவேண்டும். சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அந்த ஞாயிறு காலை, ஆற்றங்கரைப் பூங்காவில் சூரியப்புள்ளிகளைக் காட்டினோம். பிள்ளைகளும் பெற்றோருமாக நாற்பது பேர் வரிசை. பெரிய குழாயின் முதுகில் குறிபார்க்க ஒரு சின்னக் குழாய் உண்டு. அதற்கு வெயிலைக் குறைக்கும் வடிகட்டி கிடையாது, மூடி ஒன்றுதான் காவல். நான் விரலை நீட்டி, "வடிகட்டி, சரி! மூடி, சரி!" என்று முழங்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

திரும்பிப் பார்த்தால், சங்கத்தின் செய்தி மடலை அச்சடிக்கும் பெண்மணி நிஷிகுசி-சான், சாப்பாட்டுப் பெட்டி சுற்றிவந்த பூப்போட்ட துணியை என் தொலைநோக்கியில் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன இது, கல்யாணப் பொண்ணு அலங்காரமா? கழட்டுங்க!"

"குளிருதேன்னு கட்டினேன், சகுமா-சான். கழட்டிடறேன். நீங்க போய் வரிசையப் பாருங்க."

போனேன். அவர் துணியைக் கழற்றினாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. சோயாக் கட்டியான டோஃபு விற்கும் கடைக்காரர் மகள் சிஹாயா, ஏழு வயது, முதல் ஆளாக ஓடிவந்து சின்னக் குழாயில் கண்ணை வைத்தாள். "அது இல்லடி கண்ணு, இது" என்று சிரித்தபடி பெரிய குழாய்க்கு நகர்த்தினேன்.

மத்தியானம் வீட்டில் சட்டையைக் கழற்றும்போது பையில் ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தேன். சின்னக் குழாயின் மூடி.

காலையில் துடைக்கக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறேன். விரல் சுட்டியது, வாய் கத்தியது, கண் மட்டும் பார்க்கவில்லை. வடிகட்டி இல்லாத குழாய் வழியே சூரியனைப் பார்த்தால் கண் வலிக்காமலே கெடும். சில மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கும். சிஹாயா பார்த்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

சைக்கிளை மிதித்து டோஃபு கடைக்குப் போனேன். சிஹாயா வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அந்தக் காலண்டர்ல சின்ன எழுத்து என்ன, படி."

"வியாழக்கிழமை கடை விடுமுறை."

"ஒரு கண்ண மூடிக்கிட்டுப் படி. இப்ப அடுத்த கண்ணு."

படித்தாள். அவள் அம்மா கையைத் துடைத்தபடி வந்து, "என்ன ஆச்சுங்க?" என்றாள். குழந்தையிடமே கேட்டேன்.

"காலையில அந்தச் சின்னக் குழாய்ல என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணுமே தெரியல தாத்தா, ஒரே இருட்டு. குழாய் வாய்லதான் அந்த அத்தை துணிய நாலா மடிச்சுக் கட்டியிருந்தாங்களே!"

டோஃபு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. அறுபத்தாறு வயதில், நடுத்தெருவில், ஒரு குழந்தை முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமாக இல்லை. மூடியைக் காட்டி அவள் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அங்கிருந்தே நிஷிகுசி-சானுக்குப் போன் போட்டேன்.

"மூடி இல்லன்னு பாத்துட்டுத்தானே துணி கட்டினீங்க?"

"ஆமாம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நாப்பது பேர் முன்னாடி 'சரி'ன்னு கத்தின மனுஷன்கிட்ட, சரியில்லன்னு எப்படிங்க சொல்றது?"

"இனிமே சொல்லுங்க. அவமானமானாலும் பரவால்ல, கத்திச் சொல்லுங்க."

"இனிமே நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் அவர்.

அடுத்த மாதம் அதே ஆற்றங்கரை, அதே வரிசை. "மூடி..." என்று விரலை நீட்டியவன் நிறுத்தினேன். குனிந்து மூடியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு கையசைத்துக் கூப்பிட்டேன். நிஷிகுசி-சான் பக்கத்தில் வந்து, உற்றுப் பார்த்து, "சரி!" என்றார். அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன்.