ஆயிரத்து அறுநூறு வாட்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாக ஒரே கடை, ஒரே மேசை, ஒரே வாய்க்கொழுப்பு. கடைத்தெருவில் எனக்கு ‘வாட்’ என்று பெயர். யாராவது ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தால், வாங்க என்று சொல்வதற்கு முன்பே அது எத்தனை வாட் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில் இடி விழ.

அக்கா அனிமேஷன் வேலை செய்பவள். ஒரு விளம்பரக் கம்பெனியில் பதினாறு வருடம் பற்பசைக்கு நுரை போட்டாள், சோப்புத்தூளுக்குக் குமிழி போட்டாள். தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு தனக்கென்று ஒரு படம் செய்துகொண்டிருந்தாள். ஆறு வருட வேலை, பதினோரு நிமிடப் படம். கதை சின்னதுதான். ஒரு பெண் கொட்டுகிற மழையில் ஒரு பெரிய சாலையைக் கடக்கிறாள். எதிர்ப்பக்கம் ஒருவர் அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் இன்னும் நிற்கிறாரா, போய்விட்டாரா என்பது குடைக் கூட்டத்தில் அவளுக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியாது.

“ரோட்டைக் கடக்க ஆறு வருஷமா? நடந்து போனாக்கூட இதுக்குள்ள ஊர் எல்லையைத் தாண்டியிருப்பா” என்று கிண்டல் செய்வேன்.

“நீ ஒரு லேப்டாப்பை ரிப்பேர் பண்ற நேரத்துல நான் பத்து படம் எடுத்துடுவேன். மூடிட்டு வேலையப் பாருடா” என்பாள்.

அப்படி இருந்தவள் ஒரு மதியம் கடைக்கு வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். விழித்திரையில் கோளாறு. முதலில் பார்வையின் நடுப்பகுதி போகும், பிறகு ஓரங்களும் போகும், மருந்தால் நிறுத்த முடியாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம், மிஞ்சிப்போனால் நாலு.

“படத்தை முடிச்சு ஒரு தடவை முழுசாப் பாத்துடணும்டா. வேற ஒண்ணும் கேக்கல” என்றாள்.

அனிமேஷன் படத்தில் ஒவ்வொரு காட்சியையும் வரைந்து முடித்தபிறகு, வெளிச்சமும் நிழலும் போட்டு, நொடிக்கு இருபத்துநாலு தனித்தனிப் படமாக மெஷின்தான் உருவாக்கித் தர வேண்டும். ரெண்டர் என்பார்கள். அக்காவின் பழைய மெஷினில் அப்படி ஒரு தனிப்படத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும். மொத்தம் பதினைந்தாயிரம் படங்களுக்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு வருடம் தாண்டியது. நாலு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் என்றால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். “நான் கட்டித் தரேன், நீ கண்ணைக் கசக்காம வீட்டுக்குப் போ” என்று அனுப்பிவைத்தேன்.

கார்டு ஒன்றுக்கு முந்நூற்றைம்பது வாட். நாலுக்கு ஆயிரத்து நானூறு. ப்ராசஸர், போர்டு, ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னும் நானூறு. கூட்டிய தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் வைத்துப் பவர் சப்ளை வாங்குங்கள் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நான் பாடம் எடுப்பேன். அப்படிப் பார்த்தால் இரண்டாயிரத்து நானூறு வேண்டும். அது கையிருப்பில் இல்லை; வரவழைக்க மூன்று வாரம். அக்காவுக்கு இருப்பதே மூன்று மாதம். என் அலமாரியில் ஆயிரத்து அறுநூறு வாட் பவர் சப்ளை ஒன்று பிரிக்காத பெட்டியில் இருந்தது. ரெண்டர் செய்யும்போது ப்ராசஸர் சும்மாதான் இருக்கும். கார்டுகளையும் முந்நூறுக்கு மேல் இழுக்காதபடி கட்டிப்போடலாம். இது தாராளமாகப் போதும் என்று முடிவு செய்தேன். ஊருக்குச் சொன்ன பாடத்தை என் அக்காவுக்கு மட்டும் தளர்த்திக்கொண்டேன்.

படத்தின் தொடக்கத்தில் வீட்டுக்குள் நடக்கிற காட்சிகள் தண்ணீர் ஓடுவது போல ஓடி முடிந்தன. அக்கா எனக்குப் பெரிய கும்பிடாகப் போட்டாள். பிறகு மழைக்காட்சி வந்தது. ஓடவிட்ட நாலாவது நிமிடத்தில் டக் என்று ஒரு சத்தம். மொத்த மெஷினும் அணைந்துவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடி டக்.

சுவர் பிளக்கில் மீட்டரைச் செருகிப் பார்த்தேன். ஆயிரத்து நானூறைக்கூடத் தொடவில்லை. இருநூறு வாட் மிச்சம் இருக்கிறது. பவர் சப்ளைமேல் எப்படிச் சந்தேகம் வரும்? சூடு ஏறுகிறதோ என்று இரண்டு ஃபேன் சேர்த்தேன். அப்போதும் டக். அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“உன் சீன்தான் கனம். மெஷின் மேல தப்பு இல்ல. எதுக்கு இத்தனை துளி, இத்தனை குடை? குறை.”

“எதைடா குறைக்கறது?”

“எதையாவது. ஈரத் தரையில தெரியற பிம்பத்தை யாரு பாக்கப் போறா?”

அவள் மவுஸைக் கையில் எடுத்தாள். அன்றைக்கு என் பேச்சை மறுக்காமல் இருந்ததே வித்தியாசம் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு எங்கே உறைத்தது?

முதலில் ஈரத்தரையின் பிம்பம் போயிற்று. மெஷின் கொஞ்சம் கூடுதலாக ஓடி அணைந்தது. அடுத்து மழைத்துளிகளில் பாதி. பிறகு இன்னொரு பாதி. பிறகு குடைகள் பத்துப் பத்தாக. நடுப்பார்வை ஏற்கெனவே மங்கியிருந்ததால் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடித் தேடி ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு தடவை வெட்டி, ஓடவிட்டு, அணைந்து, மறுபடி வெட்ட இரண்டு மூன்று நாள். ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை மெஷின் அணையாமல் ஓடியது.

“பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல” என்றேன்.

கடையின் பெரிய திரையில் படத்தைப் போட்டுக் காட்டினேன். குடைக்கூட்டம் இல்லை. தூறல் மாதிரி ஒரு மழை. எதிர்ப்பக்கம் அந்த மனிதர் முதலிலிருந்தே பளிச்சென்று நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் தேட வேண்டிய அவசியமே இல்லை. நேராக நடந்துபோய் நின்றாள். முடிந்தது.

அக்கா திரையிலிருந்து தலையைத் திருப்பினாள். “நல்லாத்தான் இருக்கு. மனசுல வேற மாதிரி இருந்துச்சு. எனக்கு இவ்வளவுதான் வரும் போல. பற்பசைக்காரி பற்பசைக்காரிதானே” என்றாள். சிரிப்பது போல ஏதோ செய்தாள். “அப்படியெல்லாம் இல்லக்கா, சூப்பர்” என்று சொல்லிவிட்டு நான் மேசையைத் துடைத்தேன்.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்பே, அடுத்த வாரத்திலேயே ஓரப்பார்வையும் போய்விட்டது. வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். “அந்த மெஷினை வித்துடுடா. இனிமே எனக்கு எதுக்கு?” என்றாள்.

வாங்க வந்தவர் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“நாலு கார்டுக்கு ஆயிரத்து அறுநூறா? பத்துமா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பதினஞ்சாயிரம் படம் ரெண்டர் பண்ணின மெஷின்மா இது. மீட்டர் வச்சே காட்றேன், பாருங்க” என்று, நாலு கார்டையும் ஒரேயடியாக முடுக்குகிற ஒரு சோதனை ப்ரோகிராமை ஓட்டினேன். அதில் மழை கிடையாது. குடை கிடையாது. வெறும் கணக்கு.

டக்.

“உங்க மீட்டர் சராசரியைத்தான் காட்டும்” என்றார் அந்த அம்மா, குரலை உயர்த்தாமல். “நாலு கார்டும் ஒண்ணா எழும்பறப்போ ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் ரெண்டு மடங்கு இழுக்கும். மீட்டருக்கு அது தெரியாது. பவர் சப்ளைக்குத் தெரியும், உடனே கட் பண்ணிடும். உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். மிச்சம் வையுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வதே அதற்காகத்தான். வேலை லேசானால் கார்டுகள் அப்படித் துள்ளாது. அக்கா வெட்ட வெட்ட மெஷின் ஓடியதற்குக் காரணம் அதுதான். நான் அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவள்மேல் பழி போட்டிருக்கிறேன். அந்த அம்மாவிடம் மெஷின் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தாறு வயதில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

இரண்டாயிரத்து நானூறு வாட் பவர் சப்ளை மூன்று வாரத்தில் வந்தது. எலக்ட்ரீஷியனை வைத்துத் தனியாகத் தடித்த ஒயர் இழுத்தேன். அக்கா ஒன்பது முறையும் பழையதை அழிக்காமல் எண் போட்டுச் சேமித்திருந்தாள். முதலாவதை எடுத்து ஓட்டினேன். பதினாறு நாள். ஒரு தடவைகூட அணையவில்லை.

அந்த மழையைத் தனியாகத்தான் பார்த்தேன். குடைகள் நூற்றுக்கணக்கில் இடித்துக்கொண்டு போகின்றன. அவற்றின் இடுக்கில் எதிர்ப்பக்கத்து மனிதரின் தோள் தெரிகிறது, மறைகிறது, அடுத்து வேறு யாருடையதோ தோள் தெரிகிறது. அந்தப் பெண் ஈரத்தரையைப் பார்த்து, அதில் விழுந்த பிம்பத்தில் அவரைத் தேடுகிறாள். நான் தூக்கச் சொன்ன அதே பிம்பத்தில். என் அக்கா எப்பேர்ப்பட்ட ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் டப்பாக்களுக்கு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு. நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர், பவர் சப்ளை, என் திமிர், எதையும் விடவில்லை.

அவள் கை நின்றது.

“அப்ப என் சீன் கனம் இல்லையா?”

“இல்லக்கா.”

“எனக்குப் பார்வை இருந்த கடைசி மூணு வாரம்டா. அந்த மூணு வாரமும் நான் போட்டதை நானே எடுத்துக்கிட்டு இருந்தேன்.”

“என்னைத் திட்டுக்கா. நாலு அறை வேணும்னாலும் விடு.”

“படத்தைப் போடு” என்றாள்.

கூடத்து மேசையில் திரையை வைத்து ஒயர்களை மாட்டினேன். சுவரைத் தடவிக்கொண்டே வந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மழைச் சத்தம் தொடங்கியது. நான் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

“நான் ஒவ்வொண்ணா சொல்றேன்க்கா. இப்ப அந்தப் பொண்ணு கதவைத் திறந்து...”

“நீ சொல்லாதடா.” கோபமாகச் சொல்லவில்லை. “நீ சொன்னதை நம்பித்தானே அத்தனையையும் வெட்டினேன். இதை எனக்குத் தெரிஞ்ச மாதிரி நான் பாத்துக்கறேன். நீ பேசாம இரு.”

பேசாமல் இருந்தேன். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. திரை அவளுக்கு இடது கைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். அந்த வெளிச்சத்தைத் திரை என்று நினைத்துக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் திருப்பி வைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. அதற்கும் நான் வாயைத் திறக்க வேண்டுமே.